கூப்பன் புத்தகமும் கன்னக்கோலும்

1991 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவில் 18 வயது நிரம்பிய யாரும் 35 கொருனா கொடுத்து ஒரு சின்னக் கூப்பன் புத்தகம் வாங்கலாம். வாங்கினால் மட்டும் போதாது. பதிவு மையத்துக்குப் போய் 1,000 கொருனா முத்திரை ஒட்டிப் பதிந்தால்தான் அதற்கு உயிர். ஆக மொத்தம் 1,035 கொருனா, அன்றைய சராசரித் தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளம். பதிலுக்குக் கிடைப்பது 1,000 'முதலீட்டுப் புள்ளிகள்'. அதைப் பணமாக மாற்ற முடியாது, பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்கவும் முடியாது. நாற்பது வருடமாக அரசாங்கம் வைத்திருந்த எஃகு ஆலை, கண்ணாடித் தொழிற்சாலை, ஹோட்டல், வங்கி ஆகியவற்றின் பங்குகளைக் கேட்பதற்கு மட்டும் செல்லும்.

ஒரு நாட்டின் சொத்தை அதன் குடிமக்களுக்கே பிரித்துக் கொடுப்பது என்ற யோசனை இவ்வளவு சுத்தமாக, கணினி வைத்து, விதிமுறை எழுதி, அறிவித்த தேதியில் நடந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. பத்தே வருடத்தில் அந்த நாட்டுப் பெரிய வங்கிகள் அத்தனையும் வாராக்கடனில் மூழ்கி, அரசாங்கம் தூக்கி நிறுத்தி, வெளிநாட்டு வங்கிகளுக்கு விற்க வேண்டி வந்தது. பங்கீட்டில் பிழையில்லை, அது அருமையாக நடந்தது. பங்கு போய்ச் சேர்ந்த பிறகு ஆலையை யார் கண்காணிப்பது என்ற கேள்வியைத்தான் யாரும் முடித்துவைக்கவில்லை.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். போலந்திலும் ஹங்கேரியிலும் கம்யூனிச ஆட்சிக் காலத்திலேயே ஓரளவு தனியார் நிலம், சின்னத் தொழில்கள் இருந்தன. செக்கோஸ்லோவாக்கியாவில் செருப்புத் தைக்கும் கடைவரை அரசுடைமை. விற்க வேண்டியது ஆயிரக்கணக்கான நிறுவனங்கள். வாங்க உள்ளூரில் பணம் இல்லை. மக்களின் வங்கிச் சேமிப்பு மொத்தத்தையும் கொட்டினாலும் ஏட்டு மதிப்பில் பாதிகூடத் தேறாது. வெளிநாட்டவருக்கு விற்கலாம் என்றால் ஜெர்மானியர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அந்த நாட்டு வரலாறு தெரிந்தவர்களுக்கு அது வெறும் பயமாகத் தெரியாது. சும்மா விட்டுவைக்கலாமா? அதுவும் முடியாது. பழைய மேலாளர்கள் ஆலையின் சரக்கையும் எந்திரத்தையும் தங்கள் சொந்தக் கம்பெனிகளுக்குக் கடத்தத் தொடங்கியிருந்தார்கள். வேகம்தான் முக்கியம், சட்டம் பின்னால் வரட்டும் என்று நிதியமைச்சர் வாட்ஸ்லாவ் கிளவுஸும் கூப்பன் திட்டத்தை வடிவமைத்த டுஷான் ட்ர்ஷிஸ்காவும் முடிவெடுத்தது இந்த நெருக்கடியில்தான். அந்த முடிவை இன்று உட்கார்ந்து திட்டுவது சுலபம்.

மூன்று வழிகள் திறந்தார்கள். 1948 பிப்ரவரிக்குப் பிறகு பறிக்கப்பட்ட வீடு, நிலம், கடைகளை உரியவர்களிடமோ வாரிசுகளிடமோ திருப்பித் தருவது ஒன்று. கடைகள், உணவகங்கள், பட்டறைகளைப் பொது ஏலத்தில் விடுவது இரண்டாவது. 1991 ஜனவரியில் தொடங்கி மூன்று வருடத்துக்குள் 20,000-க்கும் மேல் கைமாறின. இவை இரண்டும் பெரிதாகக் கோணவில்லை. காரணம் எளிது: கடையை வாங்கியவர் கல்லாவில் தானே உட்கார்ந்தார். மூன்றாவது வழி பெரிய நிறுவனங்களுக்கு. ஒவ்வொரு ஆலை நிர்வாகமும் தன்னை எப்படிக் கைமாற்றுவது என்று ஒரு 'தனியார்மயத் திட்டம்' எழுதித் தர வேண்டும். வெளியாட்களும் போட்டித் திட்டம் தரலாம். இத்தனை சதவீதம் நேரடி விற்பனைக்கு, இத்தனை கூப்பனுக்கு, மீதி அரசின் தேசியச் சொத்து நிதியத்திடம் என்று அமைச்சகம் பிரிக்கும். ஸ்கோடா கார் ஆலை கூப்பன் பட்டியலுக்கே வரவில்லை. அது 1991-ல் ஃபோக்ஸ்வாகனோடு நேரடி ஒப்பந்தத்தில் போய்விட்டது.

முதல் அலையில், அதாவது முதல் கட்ட விநியோகத்தில், கூப்பனுக்கு வந்தவை 1,491 நிறுவனங்கள். அவற்றில் 988 செக் பகுதியில், 503 ஸ்லோவாக் பகுதியில். ஏட்டு மதிப்பு 30,000 கோடிக் கொருனாவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பங்கின் முகமதிப்பு 1,000 கொருனா. ஆனால் முகமதிப்புக்கும் ஏலத்துக்கும் சம்பந்தமில்லை, கணக்கெல்லாம் புள்ளியில்தான்.

முதல் சுற்றில் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே விலை: 100 புள்ளிக்கு 3 பங்கு. ஓடாத டிராக்டர் ஆலைக்கும் அதே விலை, லாபம் கொட்டும் பீர் ஆலைக்கும் அதே விலை. அபத்தமாகத் தோன்றும். ஆனால் சரியான விலை எது என்று யாருக்கும் தெரியாத நிலையில் தேவையே விலையைக் காட்டட்டும் என்று விட்டது புத்திசாலித்தனம். ஒரு நிறுவனத்தின் 1,00,000 பங்குகள் கூப்பனுக்கு வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

கேட்டவை 60,000 என்றால், கேட்டவர்களுக்கு அப்படியே கிடைத்துவிடும். மீதி 40,000 அடுத்த சுற்றுக்குக் குறைந்த விலையில் போகும். கேட்டவை 1,20,000 என்றால், அதாவது 25 சதவீதத்துக்குள் அதிகம் என்றால், தனிநபர்கள் கேட்டது முழுக்கக் கொடுக்கப்படும். மக்களின் புள்ளிகளை வாங்கிச் சேர்த்து ஏலம் கேட்ட முதலீட்டு நிதியங்களுக்கு மட்டும் வெட்டு விழும். 2,00,000 கேட்டிருந்தால் யாருக்கும் எதுவும் இல்லை. புள்ளிகள் திரும்பி வரும், அடுத்த சுற்றில் விலை ஏறும். 1992 மே மாதத்திலிருந்து டிசம்பர்வரை இப்படி ஐந்து சுற்று. முடிந்தபோது வைத்த பங்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் கைமாறியிருந்தன. பொருளியல் பாடநூலில் போடத் தக்க ஏலம். இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இந்த ஏலத்துக்குக் கூட்டம் சேர்ந்த விதம் இருக்கிறதே, அங்கேதான் கதை திரும்புகிறது. தொடக்கத்தில் பதிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு வாரச் சம்பளத்தைக் கொடுத்து, பெயர் மட்டும் தெரிந்த ஆலையின் காகிதத்தை எதற்கு வாங்குவது என்று சனங்கள் சும்மா இருந்தார்கள். அந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய, முப்பது வயதுகூட ஆகாத விக்டர் கொஷெனி 'ஹார்வர்ட்' என்ற பெயரில் நிதியங்கள் தொடங்கினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கும் நிதியத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு அவர் அங்கே படித்தவர் என்பது. விளம்பரம் ஒரே வரிதான்: உங்கள் புள்ளிகளை எங்களிடம் கொடுங்கள், ஒரு வருடமும் ஒரு நாளும் கழித்து வந்தால் 10,350 கொருனா தருகிறோம். போட்டது 1,035, கிடைப்பது பத்து மடங்கு. மற்ற நிதியங்களும் 'நாங்கள் அதற்கு மேல் தருகிறோம்' என்று கிளம்பின. 1992 ஜனவரி, பிப்ரவரியில் பதிவு மையங்களில் வரிசை நீண்டது. கடைசித் தேதியைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. கடைசியில் புத்தகம் வாங்கியவர்கள் 85 லட்சம் பேர். வயது வந்தோரில் சுமார் முக்கால்வாசிப் பேர் என்று சொல்லலாம்.

நாட்டையே பங்குதாரர் ஆக்கியது அரசாங்கத்தின் பிரச்சாரம் அன்று, ஒரு தனியாள் கொடுத்த வாக்குறுதி. அந்த வாக்குறுதியைக் கொடுக்க அவருக்கு உரிமம் எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை, திருப்பிக் கொடுக்கக் கையில் இருப்பு வைக்க வேண்டும் என்ற விதியும் இல்லை.

புள்ளிகளில் 72 சதவீதம் நிதியங்களிடம் போய்ச் சேர்ந்தது. ஹார்வர்டிடம் மட்டும் 8 லட்சம் பேருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் அதைவிடப் பெரியவை வங்கிகள் தொடங்கிய நிதியங்கள். சேமிப்பு வங்கியான செஸ்கா ஸ்போர்ஷிடெல்னா, கொமெர்ச்னி வங்கி, ஐ.பி.பி. எனப்பட்ட முதலீட்டு அஞ்சல் வங்கி எல்லாம் ஆளுக்கொன்று வைத்திருந்தன. இந்த வங்கிகளே கூப்பன் பட்டியலில் இருந்தன என்பதை மறந்துவிட வேண்டாம். கணிசமான பங்கு அரசின் சொத்து நிதியத்திடமே இருந்தது. கோடு போட்டுப் பாருங்கள்: அரசு வங்கியை வைத்திருக்கிறது, வங்கி நிதிய மேலாண்மை நிறுவனத்தை வைத்திருக்கிறது, நிதியம் ஆலையின் பங்கை வைத்திருக்கிறது, ஆலை அதே வங்கியிடம் கடன் வாங்கியிருக்கிறது. ஆலை நஷ்டத்தில் ஓடினால் கடன் கொடுத்த வங்கி கழுத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் தன் நிதியத்தின் பங்கு மதிப்பு விழும், கூடவே தன் கணக்கில் வாராக்கடனும் ஏறும். ஆகவே பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்தது. 1990-களின் நடுவில் செக் நாட்டில் வேலையின்மை 3, 4 சதவீதம் என்று மற்ற நாடுகள் வாயைப் பிளந்தன. ஆலைகள் சீர்பட்டதால் வந்த எண் அல்ல அது. மூட வேண்டியவை மூடப்படாததால் வந்தது.

ஒரு நிதியம் ஒரு நிறுவனத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆதிக்கத்தைத் தடுக்கப் போட்டது. மூன்று நிதியங்கள் பேசி வைத்துக்கொண்டால் 60 சதவீதம் ஆகிவிடும் என்பது விதியில் இல்லை.

இனி கன்னம் வைப்பதற்கு வருவோம். செக் மொழியில் இதற்கு 'டுனெலொவானி' என்று பெயர், சுரங்கம் தோண்டுதல். அந்தச் சொல் பொருளியல் ஆய்விதழ்கள்வரை போய்ச் சேர்ந்தது. தமிழில் இன்னும் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: கன்னம் வைத்தல். திருடன் கதவை உடைக்காமல் கன்னக்கோலால் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே நுழைவான். ஒரே வித்தியாசம், இங்கே உள்ளேயிருந்து வெளியே தோண்டினார்கள். தோண்டியவர் வீட்டுக்குக் காவல் வைத்த ஆள்.

ஒரு கண்ணாடித் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளலாம். நிதியங்கள் சேர்ந்து இயக்குநர் குழுவைப் பிடிக்கின்றன, தங்கள் ஆளை மேலாளராக உட்கார வைக்கின்றன. அந்த மேலாளரின் மைத்துனர் 1,00,000 கொருனா மூலதனத்தில் ஒரு வியாபாரக் கம்பெனி தொடங்குகிறார். வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனிக்கு அன்று சட்டம் கேட்ட குறைந்தபட்சமே அவ்வளவுதான். இதுவரை ஜெர்மனிக்கு நேராகப் போன கண்ணாடிச் சரக்கு இனி மைத்துனர் கம்பெனி வழியாகப் போகிறது. ஆலை 100-க்குக் கொடுக்கிறது, அவர் 130-க்கு விற்கிறார். அந்த 100-ஐயும் ஆறு மாதம் கழித்துத்தான் தருவார். இடையில் சம்பளம் போட ஆலை வங்கியில் கடன் வாங்குகிறது. பிறகு நகரத்தின் நல்ல இடத்தில் இருக்கும் கிடங்கு ஏட்டு மதிப்புக்கு அவருக்கு விற்கப்படுகிறது. 1960-களில் எழுதிய ஏட்டு மதிப்பு அது. விற்ற கிடங்கையே ஆலை வாடகைக்கு எடுக்கிறது. கடைசியில் மைத்துனர் கம்பெனி வாங்கும் கடனுக்கு ஆலை ஜாமீன் போடுகிறது. கம்பெனி காணாமல் போகிறது, ஆலை திவாலாகிறது. ஒவ்வொரு காகிதத்திலும் முறையான கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் இயக்குநர் குழுவின் தீர்மானம். போலீஸ் வந்தால் காட்ட எல்லாம் இருக்கும்.

தன் நிதியம் பங்கு வைத்திருக்கும் ஆலையையே ஏன் கெடுக்க வேண்டும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் தெரியும். நிதிய மேலாளரின் கட்டணம் வருடத்துக்குச் சொத்தில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் பாடுபட்டு ஆலையின் மதிப்பை 100 கொருனா உயர்த்தினால், 20 சதவீதப் பங்கு வைத்திருக்கும் நிதியத்துக்கு 20 கொருனா ஏறும். அதில் 2 சதவீதம் 40 ஹெல்லர், அதாவது அரைக் கொருனாகூட இல்லை. அதே 100 கொருனாவை மைத்துனர் வழியாக எடுத்தால் 100 கொருனா. இழப்பது அதே 40 ஹெல்லர். நேர்மைக்கும் திருட்டுக்கும் 1-க்கு 250 என்ற விகிதத்தில் கூலி வைத்துவிட்டு, மனிதர்கள் கெட்டுப்போனார்கள் என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

நிதியங்களே கன்னம் வைக்கப்பட்ட கதையும் உண்டு. 1997 மார்ச்சில் சி.எஸ். ஃபோண்டி என்ற நிர்வாகத்தின் நிதியங்களிலிருந்து 100 கோடிக் கொருனாவுக்கும் மேல் ஒரே மூச்சில் போயிற்று. பதிலுக்கு நிதியங்களிடம் மிஞ்சியவை ஒரு கோழிப்பண்ணை நிறுவனத்தின் ஒன்றுக்கும் உதவாத பங்குகள்.

பங்கு வைத்திருந்த சாதாரண ஆள் ஏன் விற்றுவிட்டு வெளியேறவில்லை? எந்த விலைக்கு விற்பார்? 1993 ஏப்ரலில் பிராக் பங்குச் சந்தை வர்த்தகத்தைத் தொடங்கியது. கூப்பன் பங்குகளுக்கென்றே ஆர்.எம். சிஸ்டம் என்ற இன்னொரு சந்தையும் வந்தது. ஆனால் பெரிய கைமாற்றங்கள் இரண்டுக்கும் வெளியே, பங்குப் பதிவேடு வைத்திருந்த பத்திர மையத்தில் நேராகப் பதிந்து முடிந்தன. விலையை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் ஒரே பங்கு சந்தையில் ஒரு விலைக்கும் வெளியே பல மடங்கு விலைக்கும் போயிற்று. ஆலையில் பாதிக்கு மேல் பிடித்தவர் சிறு பங்குதாரர்களிடமும் வாங்க முன்வர வேண்டும் என்ற விதி 1996 ஜூலையில்தான் வந்தது. அதே சமயம் நிதியங்களுக்கும் கடிவாளம் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஹார்வர்ட் உட்படப் பல நிதியங்கள் தங்களைச் சாதாரணக் கம்பெனிகளாக மாற்றிக்கொண்டு நழுவின. பங்குச் சந்தையைக் கண்காணிக்கத் தனி ஆணையம் 1998-ல் வந்தது, அதாவது முதல் அலை முடிந்து ஐந்து வருடத்துக்கும் மேல் கழித்து. பிராக் சந்தையில் பட்டியலிட்டிருந்த பங்குகள் ஒரு கட்டத்தில் 1,700. வியாபாரமே நடக்காததால் 1997-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன.

இதற்கு நேர் எதிரான காட்சி போலந்தின் வார்சாவில். அங்கே 1991 ஏப்ரலில் பங்குச் சந்தை ஐந்தே ஐந்து நிறுவனங்களோடு தொடங்கியது, பழைய கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையகக் கட்டடத்திலேயே. கண்காணிப்பு ஆணையம் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மக்களுக்குப் பங்கு கொடுக்கும் திட்டத்தில் போலந்துக்காரர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டு, 1995 நவம்பரில்தான் 20 ஸ்வோத்திக்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள். 512 நிறுவனங்கள், 15 நிதியங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நிதியத்துக்கு மட்டும் 33 சதவீதம். பொறுப்பு யாருடையது என்று விரல் நீட்டிக் காட்ட முடியும். அந்த நிதியங்களும் பெரிய சாதனை எதுவும் செய்யவில்லை, மேலாண்மைக் கட்டணம்தான் கொழுத்தது. ஆனால் போலந்தின் வளர்ச்சி அவற்றை நம்பி இல்லை. புதிதாய் முளைத்த லட்சக்கணக்கான சின்னக் கம்பெனிகள் அதைத் தூக்கின. தாமதம் போலந்தைக் காப்பாற்றியது என்று சொன்னால் கிளவுஸின் ஆட்கள் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ரஷ்யா செக் பாடத்தைப் பார்த்துத்தான் எழுதியது, ஆனால் ஒரு இடத்தில் மாற்றியது. 1992 அக்டோபரிலிருந்து சேமிப்பு வங்கிக் கிளைகளில் 25 ரூபிள் கொடுத்தால் குழந்தைகள் உட்பட ஆளுக்கு ஒரு வவுச்சர். முகமதிப்பு 10,000 ரூபிள். இதில் பெயர் கிடையாது, கையில் வைத்திருப்பவர் சொந்தக்காரர். விற்கலாம். ஒரு வவுச்சர் இரண்டு வோல்கா கார் பெறும் என்றார் பொறுப்பில் இருந்த அனடோலி சுபாய்ஸ். அந்த வருடம் விலைவாசி இருபது மடங்குக்கு மேல் ஏறியது. சம்பளம் வராத குடும்பங்கள் மெட்ரோ வாசலில் அதைச் சில பாட்டில் வோட்காவின் விலைக்கு விற்றன.

ஆலைத் தொழிலாளர்களுக்கு மூன்று தேர்வுகள் கொடுத்தார்கள். முக்கால்வாசி ஆலைகள் இரண்டாவதைத் தேர்ந்தன: 1992 ஜூலை ஏட்டு மதிப்பின் 1.7 மடங்குக்கு 51 சதவீதப் பங்கைத் தொழிலாளர்களும் நிர்வாகமுமே வாங்கிக்கொள்வது. பணவீக்கத்தில் அந்த 1.7 மடங்கு தூசு. காகிதத்தில் தொழிலாளர் உடைமை. நடைமுறையில் இயக்குநர் சம்பளத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ஆலை வாசலில் தன் ஆளை நிறுத்திப் பங்கை வாங்கினார். பங்குதாரர் பதிவேட்டையும் பல இடங்களில் ஆலையே வைத்திருந்தது. 1994-ல் கிராஸ்நோயார்ஸ்க் அலுமினிய ஆலையில் ஒரு வெளிநாட்டு முதலீட்டாளரின் பங்கைப் பதிவேட்டிலிருந்து அழித்தே விட்டார்கள். செக் நாட்டில் பதிவேடாவது மத்தியக் கணினியில் பத்திரமாக இருந்தது. கன்னம் வைக்கச் சாமர்த்தியம் தேவைப்பட்டது. இங்கே அழிப்பான் போதும்.

ரஷ்யப் பெருமுதலாளிகள் வவுச்சரில் உருவானார்கள் என்று தமிழில் அடிக்கடி எழுதுகிறார்கள். பாதிதான் சரி. நிக்கல் நிறுவனமான நோரில்ஸ்க் நிக்கலும் எண்ணெய் நிறுவனமான யூகோஸும் கைமாறியது 1995-ன் 'பங்கை அடகு வைத்துக் கடன்' ஏலங்களில். நோரில்ஸ்கின் 38 சதவீதத்துக்கு ஒனெக்ஸிம் வங்கி 17 கோடி டாலர் கேட்டு வென்றது. ஏலத்தை நடத்தியதும் அதே வங்கிதான். 35.5 கோடி டாலர் கேட்ட போட்டியாளர் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டார். 

1993 தொடக்கத்தில் நாடு பிரிந்த பிறகு ஸ்லோவாக்கியா இரண்டாவது கூப்பன் அலையைக் கைவிட்டு, ஆளுக்கு 10,000 கொருனா முகமதிப்புள்ள கடன்பத்திரம் கொடுத்தது. ஆலைகள் ஆட்சிக்கு வேண்டியவர்களுக்குப் போயின. செக் பகுதியில் இரண்டாவது அலையும் நடந்தது, அதில் 61 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். 1997 மே மாதம் கொருனா விழுந்தது. நவம்பரில், பிரதமராகியிருந்த கிளவுஸின் அரசும் விழுந்தது, கட்சி நன்கொடை விவகாரத்தில். நன்கொடை கொடுத்ததாகக் கணக்கில் காட்டிய இருவரில் ஒருவர் பல வருடம் முன்பே செத்துப்போன ஹங்கேரியர். இன்னொருவர் மொரீஷியஸ்காரர், தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். பணத்தின் உண்மையான மூலம் தனியார்மயமான ஒரு எஃகு ஆலை பக்கம் போய் நின்றது.

2000 ஜூன் 16 அன்று முகமூடி அணிந்த ஆயுதப் போலீஸ் ஐ.பி.பி. தலைமையகத்துக்குள் நுழைந்தது. அந்த வார இறுதி கழிவதற்குள் வங்கி செ.எஸ்.ஓ.பி. என்ற இன்னொரு வங்கியின் கைக்குப் போயிற்று, அந்த இன்னொரு வங்கியும் முந்தைய வருடம்தான் பெல்ஜிய வங்கி ஒன்றுக்கு விற்கப்பட்டிருந்தது. செஸ்கா ஸ்போர்ஷிடெல்னா ஆஸ்திரியாவின் எர்ஸ்டேவுக்கும், கொமெர்ச்னி பிரான்சின் சொசியேட்டே ஜெனராலுக்கும் போயின. வாங்கியவர்கள் வருவதற்கு முன் கெட்ட கடன்களை அரசு தன் தலையில் எடுத்துக்கொண்டது. அதாவது 1,035 கொருனா கொடுத்துப் பங்கு வாங்கிய அதே மக்கள்.

கொஷெனி பஹாமாஸுக்குக் குடியேறி, ஐரிஷ் கடவுச்சீட்டு எடுத்து, 1990-களின் பிற்பாதியில் அசர்பைஜானின் தனியார்மய வவுச்சர்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவித்தார், இம்முறை அமெரிக்க முதலீட்டாளர்களின் பணத்தில். அங்கே தனியார்மயமாகும் என்று அவர் நம்பிய எண்ணெய் நிறுவனம் இன்றுவரை அரசிடமே இருக்கிறது. பிராக் நீதிமன்றம் 2010-ல் அவர் இல்லாமலே 10 வருடச் சிறை விதித்தது. தீர்ப்பு வந்தபோதும் அவர் பஹாமாஸில்தான் இருந்தார்.